சொல்லடைவில் ஓர் இருமல்

நானூற்றுப் பதினாறு பக்கம், மூன்று வாரம்,
பக்கத்துக்கு நாலரை டாலர்.
இசைத்தட்டின் வரலாறு.
பாடியவர்களைப் பற்றி எழுதுகிறவர் வேறு;
எந்தப் பக்கத்தில் அவர்கள் இருக்கிறார்கள் என்று
கடைசியில் சொல்கிறவள் நான்.

காலிங்ஸ்வுட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால்
கேம்டனுக்குப் போகும் ரயில்
ஜன்னலை ஒருமுறை உலுக்கிவிட்டுத்தான் போகும்.
அந்த ஊரில்தான் ஒருகாலத்தில்
குரல்களை வட்டவட்டமாக அச்சடித்தார்கள்,
இரண்டாம் அத்தியாயம்.
இப்போது அந்தத் தொழிற்சாலையில்
ஆட்கள் வாடகைக்கு இருக்கிறார்கள்.
நாய் வளர்க்க மாதம் நாற்பது டாலர் தனி.

அரக்கு, 61 முதல் 88 வரை.
நம் பக்கத்துக் காட்டில் பூச்சி சுரந்தது,
கிளையோடு ஒடித்துச் சுரண்டிக் கப்பலேற்றியது,
கரியும் கல்மாவும் சேர்த்துப் பிசைந்து
சூட்டில் அழுத்தியது.
'மேலும் காண்க: தீ' என்று நானே போட்டேன்.
அரக்கில் வீடு கட்டிய கதை தெரிந்தவள்தானே.
சுரங்கம் வழியே தப்பியவர்கள் பெயரெல்லாம்
சின்னப் பிள்ளையும் சொல்லும்.
விருந்துண்டு மயங்கி அங்கேயே தூங்கிய வேட்டுவச்சி,
அவளுடைய ஐந்து பிள்ளைகள்?
அந்த அடைவை யார் செய்தார்களோ.

237இல் ஓர் அடிக்குறிப்பு.
மைக் வராத காலம்.
கொம்புக் குழலின் வாய்க்குள் பாடுவாள் பாடகி.
உச்சத்தில் ஊசி தடம்மாறாமலிருக்க
ஒருவன் பின்னால் நின்று
தோளைப் பிடித்து இழுப்பான்;
சுருதி தணிந்ததும்
மெல்ல முன்னால் தள்ளுவான்.
அதற்குச் சம்பளம் உண்டு.
பாட்டு முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும்,
வாயைத் திறக்கக் கூடாது.
ஈரமான ஒரு மார்ச் மாதம்,
நிறுவனத்தின் பதிவேட்டில்:
இரண்டாம் முயற்சி. தள்ளுகிறவன் இருமினான். அழிக்கவும்.
மெழுகைச் சீவி
மறுபடி வழவழப்பாக்கினார்கள்.
மூன்றாம் முயற்சிதான்
ஊர் ஊராகப் போய் விற்றது.

நான் சேர்த்தேன்:
இருமல், பெயரறியாத ஒருவனுடையது, 237 அ.கு.
பிறகு, கொஞ்சம் தயங்கி,
மேலும் காண்க: தூசு, அரக்கு அரைக்கும் கூடத்தில், 84.
இரண்டையும் அவர் எங்கும் இணைக்கவில்லை.
இணைப்பது என் வேலையுமில்லை.

ப்ரூக்ஹார்ட் பண்பானவர்.
'அன்புள்ள மங்கை' என்று தொடங்கியிருந்தார்.
(மங்கையர்க்கரசி. அவர் கணினியில்
பாதியோடு நின்றுவிடுகிறது.)
'பிரமாதமான வேலை.
ஆனால் இருமலை யார் தேடி வருவார்கள்?'
இரண்டு வரியின் மீதும் சிவப்புக் கோடு.

நியாயம்தான்.
தேடி வர யாராவது இருந்தால்தான் அடைவு.
அழித்துவிட்டு அனுப்பினேன்.
அன்று இரவு சாம்பார் வைக்கும்போது
மிளகாய் நெடியில் எனக்கும் வந்தது;
அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

ஏப்ரலில் பக்கம் கட்டும் யொலாண்டா எழுதினாள்:
கடைசிப் பத்தி இரண்டு வரி குறைகிறது,
பார்க்க நொண்டுகிறது,
நாலு மணிக்குள் ஏதாவது கிடைக்குமா?
ப்ரூக்ஹார்ட் விடுமுறையில் இருக்கிறார்,
உன் விருப்பம் என்கிறார்.

இருந்தது.
எங்கே நுழைத்தாலும் போதும்;
ஒரு வரி அடுத்ததைத் தள்ளும்,
அது அடுத்ததை,
கடைசிப் பக்கம்வரை
எல்லாப் பாடகரும் ஓரடி கீழே நகர்ந்து
இடம் விட்டார்கள்.

அக்டோபரில் புத்தகம் வந்தது.
அட்டைப்பெட்டியைக் கத்தரிக்கோலால் கிழித்து
முதலில் பின்பக்கம்தான் திறந்தேன்.
இருமல், பெயரறியாத ஒருவனுடையது,
273.

எண் புரண்டிருக்கிறது.
அவசரத்தில் நான் அடித்ததா, அவளா, தெரியாது.
273 இசை நாடகங்களைப் பற்றிய அத்தியாயம்.
முழுப்பக்கப் புகைப்படம், ட்ரென்டனில் ஓர் அரங்கு,
கடைசி வரிசைக்குப் பின்னாலிருந்து எடுத்தது.
வெறும் தலைகள். தொப்பிகள்.
நனைந்த கோட்டை மடியில் வைத்திருக்கும் ஒருவன்.

பிழைதிருத்தத்துக்கு எழுத உட்கார்ந்தேன்.
எழுதவில்லை.
படத்தில் திரை இன்னும் ஏறவில்லை.
வயலின் எடுக்கும் முன்னால்
ஆளாளுக்கு ஒருமுறை
தொண்டையைச் செருமிக்கொள்ளும் நேரம்.